இடக்காதில் நின்ற ஒலி

“அக்கா, நான் இன்னும் சத்தமே போடல. நீங்க பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கீங்க” என்று ஷமீமா கண்ணாடிக்கு அப்பாலிருந்து மைக்கில் சொன்னபோதுதான் ஹெப்சிபா குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது பொத்தானின்மேல் தானாகவே அழுந்திக் கிடந்தது. செவித்திறனைச் சோதிக்கும் அந்த அறைக்குள் இருப்பது, பீரோவுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போலிருந்தது. சுவரெங்கும் துளையிட்ட பலகை, தரையில் தடித்த விரிப்பு, இரண்டு காதுகளையும் கவ்விக்கொண்டிருந்த கனத்த ஹெட்போன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், எத்தனை மெல்லியதானாலும் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். ஷமீமா சொன்ன விதி அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறவளுக்கு இதில் விளங்காமற்போக என்ன இருக்கிறது? ஆனால் கேட்கிறது என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? பதினாறு வயதிலிருந்து அவளுடைய இடக்காதில் ஒன்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. பாட்டு முடிந்த பிறகு, விரல்கள் கம்பியை விட்ட பிறகு, ஒலிபெருக்கி தன்னைத்தானே கேட்டுக்கொண்டு எழுப்பும் அந்த நீண்ட கூவல். பல்லாண்டுகள் அது ஒரு மூலையில் மெல்லியதாகக் கிடந்தது. கடந்த சில மாதங்களில் வளர்ந்து, உறக்கத்தையும் வகுப்பறையையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இடப்பக்க வரிசைப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் அவளுக்கு வாய் அசைவது மட்டும் தெரிகிறது. “மிஸ்ஸுக்கு லெஃப்ட்ல டவர் இல்ல” என்று ஒருவன் சொல்ல வகுப்பே சிரித்ததும், வலப்பக்கத்துப் பிள்ளைகளின் சிரிப்பை வைத்தே அவள் அதைக் கண்டுபிடித்ததும் போன மாதத்துச் சங்கதி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்றைய சோதனையில் வெளியிரைச்சல் ஒன்று உள்ளொலியை மூடுகிறதா என்று பார்ப்பார்கள். மூடினால், காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுவார்கள். “பைய பையக் குறைஞ்சு, ஒருநாள் அது இருந்ததே மறந்துபோகும்” என்று மருத்துவர் நல்ல சேதி சொல்லும் முகத்தோடு சொன்னார். அவள் கேட்டு வந்ததும் அதைத்தான். அந்த வார்த்தையைக் கேட்ட நாள் முதல் அவள் பயந்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

பொத்தானை மடியில் வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். வெளியே கூடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார், வேட்டி நுனியை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, குடையை இரு கால்களுக்கும் நடுவே ஊன்றி. துணைக்கு யாரும் வேண்டாம் என்றபோது, “நீ ஒண்ணு சொல்லி, அவங்க ஒண்ணு சொல்லி, உன் காதுல மூணாவதா ஒண்ணு விழும். நானும் வாறேன்ளா” என்று செருப்பை மாட்டிவிட்டார். கால் நூற்றாண்டு சபையின் பாடகர் குழுவைப் பழக்கிய காது அவருடையது. யார் எந்த வரிசையில் சுருதி இழையளவு இறங்கிப் பாடினாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டுவார். போன வாரம் மருத்துவர் இசைக்கவையைத் தட்டி அவளுடைய நெற்றியில் ஊன்றியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் சட்டைப்பையிலும் அந்த நாளில் அப்படி ஒன்று எப்போதும் கிடக்கும், அதை மேசை விளிம்பில் தட்டிக் காதருகே பிடித்துத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனையைத் தொடங்குவார். அந்தக் கவையைத்தான் அண்ணன் எபி வெறுத்தான். வெறுத்தான் என்பதும் சரியில்லை. அப்பா வீட்டுக் கிடாரை அந்தக் கவைக்கு ஏற்றி முறுக்கி வைப்பார். எபி மாலையில் கம்பிகளைத் தளர்த்தி, தொட்டால் தொளதொளவென்று அடிக்கட்டையில் உரசும்வரை இறக்கி வைப்பான். மறுநாள் காலையில் அப்பா மறுபடி ஏற்றுவார். பேச்சில்லாத இந்த வழக்கு மாதக்கணக்காக நடந்தது. ஒரே ஒரு தடவை மட்டும் அப்பா கேட்டார்: “எலே, இத இப்படி எறக்கி வச்சு யாருக்குப் பாடப் போற, செத்தவனுக்கா?” எபி, “ஆமா, அவங்கதான் கவனமா கேக்காங்க” என்றான். அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தார் என்பதை அவள் எத்தனை முறை தனக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறாள்! பின்னால் நடந்தவற்றை மட்டும் அடுக்கிப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு எங்கும் பொருந்தாது. ஆனால் அது நடந்தது, அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்த அந்த வீட்டில், சமையற்கட்டு வாசலில் அவள் நின்று கேட்டது.

“இப்ப போடுதேன் அக்கா.” வலக்காதில் ஒரு புள்ளி ஒலித்தது, அமுக்கினாள். இன்னும் மெல்லியது, அமுக்கினாள். வலக்காது எப்போதும் நல்ல பிள்ளை. பெரியப்பா மகன் ஆசீர் தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் வேலையில் இருந்தான். மாலுமிகள் விட்டுப்போன கேசட்டுகளை அவன்தான் கொண்டுவந்து எபியிடம் கொட்டினான். “பேய் ஓட்டுற பாட்டுன்னு நெனைக்கேன், நீயே வச்சுக்கோ” என்றானாம். அட்டைகளில் மண்டையோடு, எரியும் கோபுரம், குதிரைமேல் எலும்புக்கூடு. எழுத்துகள் முள்வேலிபோல் பின்னியிருந்ததால் எந்தக் குழு, எந்தப் பாட்டு என்று கடைசிவரை தெரியாது. அதனால் பாட்டுகளுக்கு அவர்களே பெயர் வைத்தார்கள்: சரக்கு ரயில், கல்லறைத் திருநாள், மாமா குறட்டை. முதல் தடவை கேட்டபோது அவள் பயந்து காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். “அவன் ஏன் இப்படி அழுவுதான்?” என்றாள். “கூறுகெட்ட மூதி, அது கிடாரு. இன்னொரு தடவ கேளு, பயம் போயிரும்” என்றான். பயம் போகவில்லை, பயத்துக்குள்ளே போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது. அம்மாவின் சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள், மெதுவாகப் பாடினார்கள். அவளுக்குள் இருந்ததோ கத்தல். அந்தக் கத்தலை, அவளை முன்பின் அறியாத எவனோ ஒரு குளிர்நாட்டில் நின்று முழுத் தொண்டையில் கத்தியிருந்தான். கூடத்து டேப் ரெக்கார்டர் கீர்த்தனைகளுக்கு மட்டும் உரியது. இவர்களுக்கு இருந்தது ஆசீர் கொடுத்த பழைய வாக்மேன் ஒன்றே. அதன் காதுக்குமிழ்கள் இரண்டில் இடக்குமிழ் அவளுக்கு, வலக்குமிழ் அவனுக்கு. ஒயர் குட்டையானதால் தலைகள் முட்டும் தூரத்தில் உட்கார வேண்டும். சில வாரங்களில் ஓர் அதிசயம் புலப்பட்டது: இரண்டு பக்கமும் ஒரே பாட்டு இல்லை. அவளுடைய பக்கம் ஒரு கிடார் விடாமல் அறுத்துக்கொண்டிருக்கும்போது, அவன் பக்கம் வேறொன்று ஏறிப் பறக்கிறதாம். மாற்றிக்கொள்ளலாம் என்றாள். கூடாது என்றான். அவனவன் பாதியை அவனவன் வைத்துக்கொள்ள வேண்டும், பாட்டு முழுசாக வேண்டுமென்றால் இரண்டு பேரும் உட்கார வேண்டும், அதுதான் சட்டம். பாட்டு முடிந்ததும், “உன் பக்கம் என்ன நடந்துச்சு?” என்று ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். அவளிடம் சொற்கள் போதாது, வாயாலேயே வாசித்துக் காட்டுவாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஊரில் வேறு யாருக்கும் அது பாட்டாகத் தெரியவில்லை. ஒருமுறை பள்ளிச் சுற்றுலாப் பேருந்தில், எல்லாரும் பாட்டுக்குப் பாட்டு விளையாடி முடித்த களைப்பில் இருந்தபோது, ஓட்டுநரிடம் கெஞ்சி “சரக்கு ரயில்” கேசட்டைப் போடச்செய்தாள். பேருந்தின் இரைச்சலில் அது அவளுக்கே வேறு பாட்டுப்போல் கேட்டது. பின்னாலிருந்து ஒருத்தி, “அண்ணே, எஞ்சின்ல என்னமோ கோளாறு” என்றாள். பேருந்தே அதிர்ந்தது. ஓட்டுநர் கேசட்டை உருவித் திருப்பிக் கொடுத்து, “கழுதையப் போட்டு மிதிச்சாப்ல இருக்கு பாப்பா, உங்க அண்ணன் படிக்கானா, இல்ல சும்மா இருக்கானா?” என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். அன்று அவள் அழவில்லை. இந்த ஊரில் நாம் இரண்டு பேர், நாடாவுக்குள் அவர்கள் நான்கு பேர், அது போதும் என்று இருந்தது. எபி பழைய பள்ளிச் சட்டையைச் சாயப்பொடியில் முக்கிக் கறுப்பாக்கினான். அது கறுப்பும் இல்லாமல் நீலமும் இல்லாமல் கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. அதையே போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனான். எத்தனையோ ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் அறையில் கைப்பேசியில் தேடி, அந்தக் குதிரை எலும்புக்கூட்டு அட்டையைக் கண்டுபிடித்து, அதே பாட்டைத் தொட்டாள். யாரோ அந்நியர் வாசித்தார்கள். வேகமாக, மெல்லிய உச்சத்தில், பறந்து ஓடினார்கள். பிறகுதான் உறைத்தது: வாக்மேனுக்குள் ரப்பர் வார் தளர்ந்து நாடா மெதுவாகச் சுழன்றிருக்கிறது. அவர்கள் கேட்ட கனமும் இழுவையும் அடித்தொண்டையும் அந்த வாரின் தளர்ச்சி. எபி கிடார்க் கம்பிகளை இறக்கியது இந்தத் தளர்ச்சிக்கு ஒத்துப்போகத்தான். அப்படியானால் அந்தப் பாட்டு உலகத்தில் எங்குமே இல்லை. எந்தக் கடையிலும் கிடைக்காது, வாசித்தவர்களுக்கே தெரியாது. அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். இப்போது ஒருத்திக்கு.

“லெஃப்ட் காது ஆரம்பிக்கேன், நல்லாக் கவனிங்க.” கவனித்தாள். கவனிக்கக் கவனிக்கக் கூவல்தான் பெரிதாகிறது. அதன் பின்னால் ஏதோ அசைகிறது, சோதனை ஒலியோ, வேறொன்றோ. வேறொன்று. எதற்காக இப்படிச் சுற்றிச்சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். சபையின் அறுப்பின் பண்டிகைக்கு முந்திய வாரம், அப்பா பாடற்பயிற்சிக்குப் போயிருந்த மத்தியானம். மறுநாள் மாலை மைதானத்தில் எழுப்புதல் கூட்டம். ஆகாத பாட்டுகளையும் படங்களையும் கொண்டுவந்து நெருப்பில் போட்டு விடுதலை பெறுங்கள் என்று பிரசங்கிக்க வந்த ஊழியக்காரர் அறிவித்திருந்தார். அப்பா எபியிடம் போடு என்று சொல்லவில்லை. “நாளைக்கு என் குழு மேடையில நிக்கும். எல்லாரும் என்னையப் பாப்பாங்க” என்று மட்டும் சொன்னார். எபி கட்டிலில் அவளை உட்காரவைத்து, காதுக்குமிழ் இரண்டையும் அவளிடமே கொடுத்தான். “சட்டம்?” என்றாள். “இன்னைக்கு நீயே முழுசாக் கேளு” என்றான். சத்தத்தை முழுக்கக் கூட்டினான். முதன்முதலாக இரண்டு பாதியும் ஒன்றாக வந்து மண்டைக்குள் மோதின. அவன் பக்கத்தில் அத்தனை நாளும் பறந்துகொண்டிருந்தது எது என்று அன்றுதான் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேசட் தீரும்வரை திறக்கவில்லை. கடைசிப் பாட்டின் கடைசிக் கூவல் நீண்டு, நாடா டக்கென்று நின்றது. கண்ணைத் திறந்தாள். எபி எதிரில் குனிந்து அவளைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். குமிழ்களைக் கழற்றினாள், கூவல் நிற்கவில்லை, இரண்டு காதிலும் அது மட்டுமே இருந்தது. அவனுடைய உதடுகள் அசைந்தன, ஒரு நீண்ட வாக்கியம், நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு ஒரு சிறு கேள்வி. கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் முகம் இருந்த இருப்பில் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. தலையை ஆட்டினாள். அவன் முகம் தளர்ந்தது, பாரம் இறக்கிவைத்தவன் போல. தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு எழுந்து போனான். என்ன கேட்டான்? நாளைக்கு நானே கொண்டுபோய்ப் போட்டுவிடட்டுமா? அப்பாவைப் பார்த்துக்கொள்வாயா? நான் போகட்டுமா? அல்லது வெறுமனே, எப்படி இருந்தது, நல்லா இருந்துச்சா? எந்தக் கேள்வியை வைத்தாலும் உதடுகள் சற்றுப் பொருந்துகின்றன, சற்று விலகுகின்றன. மறுநாள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். அரிசிப்பையில் கேசட்டுகளோடு கூட்டத்துக்குப் போய், யாரும் அழைக்கும் முன்பே நெருப்பருகே நின்று ஒவ்வொன்றாகப் போட்டான். பிளாஸ்டிக் உருகும் நாற்றத்தினூடே அப்பாவின் குழு பாடியது, அப்பாவின் கை ஒரே சீராகத் தாளம் காட்டியது. திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்: “நேத்து என்ன சொன்ன?” எபி சிரித்தான். “அதான் தலைய ஆட்டிட்டியே.”

அவ்வளவுதான் கிடைத்தது. வலக்காது ஓரிரு நாளில் தெளிந்துவிட்டது. மாதக்கணக்காகக் குமிழ் சுமந்த இடக்காது தெளியவில்லை. தை மாதம் ஆசீர் வழியாக ஒரு தோணியில் வேலை பிடித்து, வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனான் எபி. இரண்டு பயணம் போய்வந்தான், கறுத்து, தோள் அகன்று, அதிகம் பேசாமல். தனியே பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று அவள் நினைக்கும்போதெல்லாம், அடுத்த தடவை வரட்டும் என்று இருந்தது. மூன்றாவது பயணத்தில் தோணியே வரவில்லை. ஒரு பலகை ஒதுங்கியது என்றார்கள், அதுவும் வேறு தோணியுடையது என்றார்கள். உடல் இல்லாமல் ஆராதனை நடந்தது. பேர் பொறித்து ஒரு கல் வைக்கலாமா என்று சபையார் கேட்டபோது, “ஆள் இல்லாத எடத்துல பேரு எதுக்கு?” என்றார் அப்பா. அதன்பின் பாடகர் குழுவுக்கும் அவர் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றார். அந்தப் பேய்ப்பாட்டுதான் பையனைக் கொண்டுபோயிற்று என்று ஊரில் பேச்சிருந்தது. அப்பா அதை ஆமோதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. எபிக்கென்று இந்தப் பாளையங்கோட்டையில் இருக்கும் இடம் இந்த இடக்காது ஒன்றுதான். கூவலுக்குப் பின்னால், திரைக்குப் பின்னால் நிற்கும் ஆள்போல, அந்த வாக்கியம் நிற்கிறது என்று அவள் நம்பி வந்திருக்கிறாள். திரை இருக்கும்வரை ஆள் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். திரையை விலக்கப் போகிறார்கள்.

“இப்ப உள்ள கேக்குற சத்தம் எப்படி இருக்குன்னு நாம கண்டுபிடிக்கணும். நான் ஒவ்வொண்ணாப் போடுதேன். இதா?” இல்லை, கொஞ்சம் மேலே. “இதா?” தாண்டிவிட்டது. “இது?” ஹெப்சிபா நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டாள். இயந்திரம் போட்ட ஒலி, உள்ளே இருந்ததன்மேல் வந்து அப்படியே படிந்தது. எது வெளியே, எது உள்ளே என்று பிரிக்க முடியவில்லை. யாரிடமும் வாசித்துக் காட்ட முடியாமல் இத்தனை காலம் வைத்திருந்ததை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி, மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்குகிற சின்னப் பெண், தன் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுடைய முகத்தில் என்ன மாறப் போகிறது என்று பார்த்தாள். ஷமீமா மூக்கைச் சுளித்தாள். “இதா அக்கா? கொசு மாதிரில்லா இருக்கு! இத வச்சுக்கிட்டா இவ்வளவு நாளும் தூங்குனீங்க?” சுருக்கென்றது. அடுத்த நொடி, எபி இருந்தால் இதற்கு எப்படிச் சிரித்திருப்பான் என்று தோன்றி, அவளுக்கும் உதடு கோணியது. “ஆமாம்மா, கொசுதான்” என்றாள்.

“இனிமே ஒரு இரைச்சல் வரும். நிப்பாட்டுன பிறகு உள்ள இருக்கது கொஞ்ச நேரம் இல்லாமப் போகலாம். சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது. போச்சுன்னா சொல்லுங்க, திரும்பி வந்தாலும் சொல்லுங்க.” இரைச்சல் வந்தது, தகரக் கூரையில் மழை இறங்குவதைப்போல. அது ஏற ஏறக் கூவல் அதனுள் மூழ்கிக்கொண்டே போவதை அவள் உணர்ந்தாள். மூழ்குகிறது என்ற சொல் வந்ததும், கழற்றி எறிந்துவிடலாமா, போதும் என்று சொல்லிவிடலாமா, கை எழும்பியது, எழும்பிய கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள். வரட்டும். ஒரு தடவையாவது திரைக்குப் பின்னால் பார்த்துவிடுவோம். அவனுடைய முகத்தைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தினாள், குனிந்த நெற்றி, கத்தரிக்காய் நிறச் சட்டை, அசையத் தொடங்கும் உதடுகள். இரைச்சல் நின்றது. ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. பதினாறு வயதுக்குப் பிறகு முதன்முறையாக அங்கே ஒரு வெறும் இடம், பந்தலைப் பிரித்து எடுத்த முற்றம்போல, எதுவும் நின்றிராத இடம்போல. உதடுகள் அசைந்தன. நீண்ட வாக்கியம், நிறுத்தம், சிறு கேள்வி. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தன, வரவில்லை. அதை மறைத்துக்கொண்டிருந்தது எதுவும் இப்போது இல்லை, ஆனாலும் வரவில்லை. அந்த வாக்கியம் அவளுடைய காதுக்குள் ஒருநாளும் நுழைந்ததே இல்லை. அந்த மத்தியானத்து அறையில், சன்னல் வழியாக வெளியே போய், அதன் போக்கில் கரைந்திருக்கிறது. இத்தனை காலம் அவள் காவல் இருந்தது ஓர் ஆளில்லாத வீட்டுக்கு. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு ஏதோ, கால் வலிக்க நின்றவளுக்கு யாரோ உட்காரச் சொன்னாற்போல. தன் மூச்சு இடப்பக்கமும் கேட்டது. எபி வாயை மூடிக்கொண்டான். வெறுமனே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், இருபது வயதுப் பையன், முகத்தில் பரு, ஒரு புருவம் ஏறியபடி. கூவல் இருந்தவரை இத்தனை தெளிவாக அவனை அவள் ஒருபோதும் பார்த்ததில்லை.

பிறகு வெகுதூரத்தில், நூல் நுனிபோல, கூவல் திரும்பத் தொடங்கியது. அதைக் கண்டதும் அவளுடைய மனம் பழகிய நாய்போல வாலாட்டிக்கொண்டு ஓடியது; அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு இன்று முதல்முறையாக உண்மையான பயம் வந்தது. கூவல் கூடக் கூடப் பையனின் முகம் மங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா? போச்சா?”

“போச்சு.”

“திரும்பி வந்துட்டா?”

“வந்துட்டு.” ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “இன்னொரு தடவ போடும்மா. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை.”

ஷமீமா மைக்கை மூடாமலே சிரித்தாள். “வாறவங்க எல்லாரும் குறைங்க, குறைங்கன்னு கையெடுத்துக் கும்பிடுவாங்க. கூட்டச் சொன்ன முத ஆளு நீங்கதான்க்கா. தாங்குவீங்களா?”

“தாங்குவேன்” என்றாள் ஹெப்சிபா. “நீ கூட்டு.”